யாழ்ப்பாணத்திலிருந்து சிகிரியாக் குன்றுக்கு: போவோருக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே கிணறு வெட்டினாலும் சுண்ணக்கல்தான் தட்டுப்படும். பனையை விட உயர்ந்து நிற்பவை கோயிற் கோபுரங்களும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் மட்டுமே. ஆகையால் மலை பார்க்க விரும்பும் குடும்பங்களும் பாடசாலைக் குழுக்களும் ஏ9 வீதியில் தெற்கு நோக்கி வெளிக்கிடுகின்றன. அவற்றின் பயணத் திட்டத்தில் சிகிரியா பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். சமவெளியிலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் இந்தக் கருங்கற் குன்றையும் அதன் அடிவாரத்து நகரத்தையும் யுனெஸ்கோ 1982ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

ஆனால் நம்மவர் வழக்கமாகப் போகும் முறையில் ஒரு குறை இருக்கிறது. விடியற்காலையில் வான் பிடித்து, நண்பகலில் அங்கே இறங்கி, உச்சி வெயிலில் மூச்சு வாங்க ஏறி, மேலே நின்று படம் எடுத்து, உடனே இறங்கித் தம்புள்ளைக்கோ கண்டிக்கோ ஓடுவார்கள். அப்படிப் போனவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், படிக்கட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியுமே சொல்வார். சிகிரியாவின் பாதிச் சிறப்பு ஏறுவதற்கு முன்னர், நிலமட்டத்திலேயே இருக்கிறது என்பதே என் கருத்து. இந்த வழிகாட்டி அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது: முதல் நாள் மாலைக்குள் அருகே போய்ச் சேர்ந்து தங்குவது, மறுநாள் வாயில் திறந்தவுடன் உள்ளே செல்வது, அடிவாரத்துக்கு ஒரு முழு மணித்தியாலம் ஒதுக்குவது, அதன் பின்னரே ஏறுவது.

எந்த மாதத்தில் போவது

சிகிரியா உலர்வலயத்தில் உள்ளது. வடகீழ்ப் பருவமழை நமக்குப் பெய்யும் அதே காலத்தில்தான் அங்கும் பெய்யும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் படிகள் வழுக்கும், இடி மின்னல் வேளையில் உச்சியில் நிற்பது ஆபத்து. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரையான காலம் பொதுவாக இதமானது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வெயில் கடுமை. ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்று பலமாக வீசும். யாழ்ப்பாணத்தில் வயல்வெளியில் அதை அனுபவித்தவர், 200 மீற்றர் உயரத்தில் இரும்புப் படியில் நின்று அதே காற்றை எதிர்கொள்வது எப்படியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தொப்பி பறக்கும், சேலை கட்டியவர்கள் சிரமப்படுவார்கள்.

மழை முடிந்த கையோடு போவதில் ஒரு நன்மை உண்டு. நீர்த் தோட்டங்களில் தண்ணீர் நிறைந்திருக்கும். 1500 ஆண்டுப் பழமையான நீரூற்றுகள் அப்போதுதான் இயங்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரு மாதத்தைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் தை மாதத்தின் கடைசி வாரங்களைச் சொல்வேன்.

வெசாக், பொசன் பூரணை நாட்களையும் நீண்ட விடுமுறை வார இறுதிகளையும் தவிர்ப்பது நல்லது. குறிப்பாக ஆனி மாதத்துப் பொசன் காலத்தில் மிகிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் செல்லும் யாத்திரிகர் கூட்டம் நாம் போகும் அதே வீதியை நிறைத்துவிடும்.

போகும் வழி

வானிலோ காரிலோ போவோருக்கு வழி மிக எளிது. ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை என ஏ9 வீதியிலேயே சென்று மரதன்கடவலயை அடைய வேண்டும். அங்கே இடப்புறம் திரும்பினால் ஏ11 வீதி ஹபரணைக்குக் கொண்டுசெல்லும். ஹபரணையிலிருந்து ஏ6 வீதியில் தம்புள்ளைப் பக்கமாகச் சென்று, இனாமலுவச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் ஏறக்குறைய 10 கிலோமீற்றரில் சிகிரியா. மரதன்கடவலயில் திரும்பாமல் நேரே தம்புள்ளைக்குப் போய், அங்கிருந்து ஏ6 வீதியில் ஹபரணைப் பக்கமாக வந்து இனாமலுவவில் வலப்புறம் திரும்புவதும் உண்டு. எந்த வழியானாலும் மொத்தத் தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தையும், வவுனியாவில் தேநீருக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது.

பேருந்தில் போவோர் யாழ்ப்பாணம் மத்திய பேருந்து நிலையத்தில் கண்டிக்குப் போகும் பேருந்தில் ஏறித் தம்புள்ளையில் இறங்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து சிகிரியாவுக்கு உள்ளூர்ப் பேருந்துகள் பகல் நேரத்தில் ஓடுகின்றன. மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் முச்சக்கரவண்டி பிடிப்பதே வசதி. ஆனால் ஏறுவதற்கு முன்னரே கூலியைப் பேசிக்கொள்ள வேண்டும்.

புகைவண்டியை விரும்புவோர் வடக்குப் பாதையில் அநுராதபுரத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ வாடகை வாகனத்திலோ போகலாம். சிறுவர்களுக்கும் முதியோருக்கும் இந்த ஏற்பாடு உடல் அலுப்பைக் குறைக்கும். ஆனால் அநுராதபுரத்துக்குப் பின்னர் வாகனம் மாறும் தொல்லை இருக்கிறது. புறப்படும் வாரத்தில் நேர அட்டவணையை நிலையத்திலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஹபரணை, இனாமலுவ, சிகிரியா வீதிகளில் பொழுது சாய்ந்த பின்னர் காட்டு யானைகள் வரும். இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிளிலோ முச்சக்கரவண்டியிலோ இந்த வீதிகளில் செல்லாதீர்கள். காலை பத்து மணிக்குள் யாழ்ப்பாணத்தை விட்டால் மாலை வெளிச்சத்திலேயே தங்குமிடத்தை அடையலாம். சிகிரியாக் கிராமத்திலேயே சாதாரண விருந்தினர் இல்லங்கள் நிறைய உள்ளன. அடுத்த நாள் அதிகாலைக்கு அதுவே வசதி. பெரிய குழுவாகப் போவோர் தம்புள்ளையில் தங்கினால் இடமும் சாப்பாடும் இலகுவாகக் கிடைக்கும்.

நுழைவுச்சீட்டும் அடையாள அட்டையும்

உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு. வேறுபாடு சிறிதல்ல: வெளிநாட்டவர் ஒருவர் கொடுப்பது 30 அமெரிக்க டொலருக்குக் குறையாது, உள்நாட்டவர் கொடுப்பதோ அதில் ஒரு சிறு பங்குதான். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்த உறவினரோடு போகும் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு இது பெரிய செலவு. பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்பதோ தமிழில் பேசுவதோ கணக்கில் எடுக்கப்படாது. கையிலுள்ள ஆவணமே பேசும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ மறவாமல் கொண்டுசெல்ல வேண்டும். மற்றவர்கள் செலவை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது, சீட்டு விற்கும் இடத்தில் குடும்பத்துக்குள் எழும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

சீட்டு வாங்கும் இடங்களும் வேறு. வெளிநாட்டவருக்கான கருமபீடம் அருங்காட்சியகத்தின் பக்கமாக உள்ளது. கலப்புக் குழுவாகப் போனால் எங்கே மீண்டும் ஒன்றுசேர்வது என்று முதலிலேயே பேசி வையுங்கள். ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தை ஏறுவதற்கு முன்னர் பார்ப்பதா, இறங்கிய பின்னர் பார்ப்பதா என்று கேட்டால், வெயிலைக் கருதி இறங்கிய பின்னரே என்பேன்.

கொண்டுபோக வேண்டியவை, விட்டுச்செல்ல வேண்டியவை

ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். வாயிலைத் தாண்டி ஏறத் தொடங்கிய பின்னர் விலைக்கு வாங்க இடமில்லை, உச்சியில் மலசலகூடமும் இல்லை. தொப்பி, நன்றாகப் பிடிக்கும் அடியுள்ள சப்பாத்து அல்லது பட்டி வைத்த செருப்பு, கைகள் இரண்டும் வெறுமையாக இருக்கும்படி முதுகில் மாட்டும் பை ஆகியவை போதும். குடை பயன்படாது, காற்றில் திரும்பிக்கொள்வதோடு பின்னால் வருபவரின் கண்ணுக்கும் ஆபத்து. சாப்பாட்டுப் பார்சலை வாகனத்திலேயே விட்டுவிடுங்கள். இடியப்பப் பொதியின் வாசம் குரங்குகளுக்கு நம்மை விட முன்னரே தெரிந்துவிடும். பையைப் பறித்துக்கொண்டு பாறைமேல் ஏறிய குரங்கிடமிருந்து எதையும் மீட்க முடியாது.

குளவி என்று பொதுவாகச் சொல்லப்படும் பெரிய மலைத்தேனீக்கள் குன்றின் செங்குத்துப் பக்கங்களில் கூடு கட்டியிருக்கின்றன. இரைச்சலும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும். அமைதியாக இருக்கும்படி ஆங்காங்கே பலகைகள் வைத்திருப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல. பாடசாலைக் குழுக்களைக் கூட்டிச்செல்லும் ஆசிரியர்கள் இதை வாகனத்தில் வைத்தே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மேலே போன பிறகு கூவி அடக்க முயல்வது அதைவிடப் பெரிய இரைச்சல். கலைந்து வந்தால் ஒதுங்குவதற்காகச் சிங்கப் பாத முற்றத்தில் வலையடித்த கூண்டுகள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கு போய்ச் சேர்ந்தவுடன் அவை எங்கே என்று கண்ணால் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தோடு போக வேண்டும்.

ஏறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் கதை சுருக்கமாக இது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனனுக்கு இரண்டு புதல்வர்கள்: பட்டத்து அரசிக்குப் பிறந்தவன் முகலன், மற்றொரு மனைவிக்குப் பிறந்தவன் காசியப்பன். சேனைத் தலைவனின் துணையோடு காசியப்பன் தந்தையைச் சிறைப்பிடித்தான். முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். ஒளித்துவைத்த செல்வம் எங்கே என்று தந்தையைக் கேட்டபோது, அவர் தாம் கட்டிய கலாவாவிக்குப் போய், அதன் நீரைக் கையால் அள்ளிக் காட்டி, இதுதான் என் செல்வம் என்றாராம். அதன்பின் அவர் கொல்லப்பட்டார். காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டான். தலைநகரைச் சிகிரியாவுக்கு மாற்றினான். பதினெட்டு ஆண்டுகளின் பின் முகலன் படையோடு திரும்பிவந்தான். போரில் தன் சேனை சிதறியதும் காசியப்பன் தன்னையே மாய்த்துக்கொண்டான்; முகலன் தலைநகரை அநுராதபுரத்துக்கே திருப்பி, இந்த இடத்தைப் பிக்குகளிடம் கொடுத்தான்.

தந்தையைக் கொன்றவன் அச்சத்தால் குன்றின்மேல் ஒளிந்துகொண்டான் என்பதே பாடப்புத்தகத்தில் நாம் படித்தது. ஆனால் அச்சத்தில் ஒளிந்தவன் நீரூற்றும் பூந்தோட்டமும் ஐந்நூறு ஓவியமும் செய்வானா என்ற கேள்வி இடத்தை நேரிற் பார்ப்பவருக்கு எழாமல் இராது. அவன் அங்கே இன்னொரு அளகாபுரியைக் கட்டிக் குபேரனைப் போல வாழ்ந்தான் என்று அதே சூளவம்சம் கூறுகிறது. இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, காசியப்பன் தன்னைத் தெய்வ அரசனாகக் காட்ட முயன்றான் என்று தொல்பொருளியலாளரான பேராசிரியர் பரணவிதான விளக்கினார். அளகாபுரி என்றால் என்ன என்பதைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. வரலாற்றை எழுதியவர்கள் காசியப்பனை விரும்பாத விகாரையைச் சேர்ந்த பிக்குகள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கோட்டை என்ற கண்ணால் ஒருமுறையும் அரண்மனை என்ற கண்ணால் ஒருமுறையும் பார்த்தால் இடம் நன்றாக விளங்கும்.

காசியப்பனுக்கு முன்னரும் இங்கே மனிதர் இருந்தனர். குன்றின் கிழக்கே உள்ள அலிகலப் பாறைக் குகையில் கற்கால மனிதர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் பிக்குகள் இப்பகுதிக் குகைகளில் தவமிருந்தனர். குகை வாயிலின் மேல் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டப்பட்ட விளிம்பும், அதன் கீழே பிராமி எழுத்துகளும் அதற்குச் சாட்சி. 1831ஆம் ஆண்டு யொனதன் போர்ப்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கு வந்து எழுதியதன் பின்னரே வெளியுலகின் கவனம் திரும்பியது. 1894இல் எச். சி. பி. பெல் அகழாய்வைத் தொடங்கினார்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை

எரிமலையின் தொண்டையில் உறைந்த குழம்பே இந்தக் குன்று என்று வழிகாட்டிகள் பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், சுற்றிலும் இருந்த நலிந்த பாறை நெடுங்காலமாக அரிபட்டுப் போக, எஞ்சி நின்ற வலிய பகுதி என்ற விளக்கமே பொருத்தமானது. பொதுவாகக் கிரானைற்று என்று அழைக்கப்படும் இந்தப் பாறை, பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த நமது சுண்ணக்கல் இதனோடு ஒப்பிட்டால் மிக இளையது. நீரை உறிஞ்சித் துளை விடும் நம் கல்லைப் போலன்றி இது நீரைத் தாங்கும். அதனால்தான் உச்சியில் பாறையையே குடைந்து குளம் செய்ய முடிந்தது.

முதற்படி: நீர்த் தோட்டங்கள்

காலையில் வாயில் திறந்தவுடன் மேற்குப் பக்கமாக நுழையுங்கள். முதலில் அகழி வரும். முதலைகள் பற்றிய எச்சரிக்கைப் பலகை அங்கே இருக்கிறது, அதை நம்புங்கள். அகழியைக் கடந்தால் நேரே குன்றை நோக்கிச் செல்லும் பாதை; அதன் இருபுறமும் ஒரே அளவாக அமைந்த குளங்களும் தீவுகளும். பெரும்பாலானோர் குன்றில் கண்ணைப் பதித்து இந்தப் பாதையைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் பாதையை விட்டு இறங்கிப் பாருங்கள்.

இரண்டாவது தோட்டத்தில், நடைபாதையின் ஓரமாக, வளைந்து வளைந்து ஓடும் ஆழமற்ற கல் வாய்க்கால்கள் உண்டு. அவற்றினருகே சீரான துளைகளிட்ட வட்டத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கும். அவையே நீரூற்றுகள். குனிந்து கவனித்தால் அந்தத் தகடுகள் சுண்ணக்கல் என்பது நம்மவருக்கு உடனே தெரியும்: துளையிட இலகுவான கல்லை அதற்கென்றே தேடி எடுத்திருக்கிறார்கள். உயரத்தில் தேங்கிய நீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே அழுத்தத்தோடு வந்து இந்தத் துளைகளால் பீறிடுகிறது. இயந்திரம் எதுவும் இல்லை. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று விளக்குவது, மேலே நூறு படம் எடுப்பதைவிடப் பயன் தரும். மூன்றாவது தோட்டம் சற்று உயரத்தில் இருக்கிறது; அதன் மூலையில் எண்கோணக் குளம் ஒன்றும் உண்டு.

இரண்டாம் படி: பாறைத் தோட்டம்

நீர்த் தோட்டத்தின் கணக்கான ஒழுங்கு முடிந்ததும் பெரும் உருண்டைப் பாறைகளுக்கிடையே பாதை நெளியத் தொடங்கும். இங்கே மேலே பார்க்காமல் பாறைகளின் உடலைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் படி போன்ற வெட்டுகள் வரிசையாக இருக்கும். அவை ஏறுவதற்கான படிகள் அல்ல, பாறையின் மேல் செங்கற் சுவர் எழுப்புவதற்காக வெட்டிய அடித்தளப் பள்ளங்கள். அதாவது இன்று வெறும் பாறையாக நிற்கும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கட்டடம் இருந்தது. தொட்டிப் பாறை, சபை மண்டபப் பாறை, படமெடுத்த நாகம் போன்ற நாகபடக் குகை ஆகியவை இப்பகுதியைச் சேர்ந்தவை. நாகபடக் குகை இறங்கும் வழியில் வருவதால் அதைப் பின்னர் பார்க்கலாம்.

மூன்றாம் படி: ஓவியங்களும் கண்ணாடிச் சுவரும்

இனித்தான் ஏற்றம். மொத்தப் படிகள் 1200 அளவில் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வேகமாக ஏறத் தேவையில்லை. ஆனால் ஒடுக்கமான இடங்களில் நின்று பின்னால் வருவோரை மறிக்காமல், அகன்ற மேடைகளில் இளைப்பாறுங்கள். படியடியில் சிலர் தாமாகவே வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட முனைவார்கள். அது இலவச உதவியல்ல. வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

குன்றின் நடுப்பகுதியில், 1938ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சுருட்படியில் ஏறினால் ஓவியக் குகை. இடைக்கு மேல் மட்டும் தெரியும் பெண்கள், மேகத்திலிருந்து எழுவதுபோல, கையில் மலரும் தட்டுமாக நிற்கிறார்கள். இன்று பார்க்கக் கிடைப்பவை 20க்குச் சற்று அதிகம். சுவர்க் கீறல் ஒன்று 500 பெண்கள் என்று குறிப்பிடுகிறது. குன்றின் மேற்கு முகத்தில் ஏறத்தாழ 140 மீற்றர் நீளத்துக்கும் 40 மீற்றர் உயரத்துக்கும் ஓவியம் இருந்திருக்கலாம் என்பது அறிஞர் மதிப்பீடு. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நிறங்களை இன்றும் காணலாம், நீலம் இல்லை. இவர்கள் அப்சரசுகளா, அந்தப்புரப் பெண்களா, மேகமும் மின்னலும் பெண்ணுருவம் பெற்றவையா என்ற விவாதம் ஓயவில்லை. 1967ஆம் ஆண்டு விசமிகள் பச்சைச் சாயம் பூசிச் சில ஓவியங்களைச் சிதைத்தனர். இத்தாலியரான லூசியானோ மரன்சியின் உதவியோடு அவை சீர்செய்யப்பட்டன. இங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால் ஓவியத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

கீழே இறங்கியதும் கண்ணாடிச் சுவர். செங்கல்லால் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, முகம் தெரியும்வரை மெருகேற்றிய சுவர். அரசன் போன பின்னர், இங்கே வந்த பார்வையாளர் நூற்றாண்டுக் கணக்காக இதில் கவிதை கீறிவைத்தனர். அவற்றுள் 685ஐப் பரணவிதான வாசித்து 1956ஆம் ஆண்டு வெளியிட்டார். ஓவியப் பெண்களைப் புகழ்ந்தவர்களும், பேசாத பெண்ணிடம் கோபித்தவர்களும் அந்த வரிகளில் உள்ளனர். அதைப் பார்த்து நம் பெயரையும் கீறலாம் என்று எவருக்கும் தோன்றக் கூடாது. 2015ஆம் ஆண்டு அவ்வாறு கீறிய இளம் பார்வையாளர் ஒருவருக்கு 2 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பால் அவர் விடுதலையானார். பிள்ளைகளின் சட்டைப்பையில் பேனாவோ திறப்போ இருந்தால் கையில் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நான்காம் படி: சிங்கப் பாதம்

சுவரைத் தாண்டி மேலேறினால் வடக்குப் பக்கத்தில் ஓர் அகன்ற முற்றம். அதன் எல்லையில் நகங்களோடு இரண்டு பெரும் பாதங்கள். செங்கல்லாலும் சாந்தாலும் அமைந்த ஒரு பிரமாண்டச் சிங்கத்தின் மிச்சம் இவை. அந்தச் சிங்கத்தின் உடலுக்குள் புகுந்தே அக்காலத்தவர் உச்சிக்கு ஏறினர். தலையும் மார்பும் விழுந்துபோயின.

இந்த முற்றத்திலேயே ஒரு முடிவை எடுக்க வேண்டும். இதற்கு மேல் பாறையின் முகத்தோடு ஒட்டிய இரும்புப் படிகள். கீழே வெளி தெரியும். இருதய நோய், மூட்டு வலி, உயரத்தைக் கண்டால் தலைச்சுற்று உள்ளவர்கள் இங்கேயே நிழலில் இருந்துவிடலாம். ஓவியமும் சுவரும் பாதமும் பார்த்தவர் முக்கியமானவற்றில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டார். பாதி வழியில் பயந்து திரும்ப முயல்வதே எல்லோருக்கும் தொல்லை. படியில் ஏறும்போது பாறையைக் கவனியுங்கள்: வரிசை வரிசையாக வெட்டிய பள்ளங்கள் தெரியும். பழைய படிக்கட்டின் அடித்தளம் அவைதான்.

உச்சியில்

ஏறக்குறைய ஒன்றரை ஹெக்ரேயர் பரப்பில் அரண்மனையின் அத்திவாரங்கள் தட்டுத் தட்டாகக் கிடக்கின்றன. சுவர்கள் இடுப்பளவுக்கும் இல்லை. கற்பனை செய்தே பார்க்க வேண்டும். பாறையில் குடைந்த பெரிய குளம் 27 மீற்றருக்கு 21 மீற்றர் அளவானது. உச்சியின் மேற்குப் பக்கத்திலிருந்து கீழே பார்த்தால், காலையில் நடந்துவந்த நீர்த் தோட்டம் ஒரே நேர்கோட்டில் தெரியும். அதைக் கீழே நின்று கவனித்தவருக்கே இந்தக் காட்சி பொருள்படும். நேரே ஏறி வந்தவருக்கு அது வெறும் பச்சை. தெற்கே சிகிரியாக் குளம், வடக்கே பிதுரங்கலைக் குன்று. விளிம்புகளில் எல்லா இடத்திலும் வேலி இல்லை; படம் எடுக்கப் பின்னோக்கி நடக்காதீர்கள், சிறுவர்களின் கையை விடாதீர்கள்.

இறங்குதல்

இறங்கும் பாதை ஓரிடத்தில் ஏறிய பாதையை விட்டுப் பிரிந்து, நாகபடக் குகையைத் தொட்டு, வேறொரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்விடும். வான் சாரதியிடம் இதை முதலிலேயே சொல்லி, வெளியேறும் பக்கத்துத் தரிப்பிடத்துக்கு வரச் செய்யுங்கள். இல்லாவிட்டால் களைத்த காலோடு நீண்ட தூரம் சுற்றி நடக்க நேரும். அடிவாரத்தையும் சேர்த்து மூன்றரை அல்லது நான்கு மணித்தியாலம் போதும். ஏழு மணிக்கு நுழைந்தவர் வெயில் ஏறும் முன் பதினொரு மணிக்கு வெளியே நிற்பார்.

ஏற முடியாத முதியோரை வாகனத்தில் இருத்திவிட்டுப் போவது சரியல்ல. நீர்த் தோட்டங்கள் சமதரையில் உள்ளன. அங்கே நிழலில் இருந்துவிட்டு அருங்காட்சியகத்தைப் பார்த்தால் அவர்களுக்கும் அந்தக் காலை பயனுடையதாகும்.

மீதி நாளில்

உடலில் தெம்பு உள்ள இளைஞர்களுக்குப் பிதுரங்கலை. காசியப்பன் சிகிரியாவிலிருந்த பிக்குகளைக் குடியமர்த்திய இடம் அது. சிகிரியாக் குன்றின் முழு உருவத்தையும் அங்கிருந்தே பார்க்க முடியும். அதனால் படம் எடுப்பவர்கள் அதையே விரும்புவார்கள். ஏற்றம் குறைவு, ஆனால் இறுதிப் பகுதியில் பாறைகளுக்கிடையே கையூன்றித் தவழ்ந்து ஏற வேண்டும். அடிவாரத்தில் விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மறைந்த உடை அவசியம்.

குடும்பமாகப் போவோருக்குத் தம்புள்ளைக் குகை விகாரை பொருத்தம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியப் படையெடுப்பால் அநுராதபுரத்தை இழந்த வட்டகாமினி அபயன் மறைந்திருந்த குகைகள் இவை என்பது மரபு. 1991இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. இங்குள்ள ஐந்து குகைகளில் புத்தர் சிலைகளோடு விட்டுணு முதலிய தெய்வ உருவங்களும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். பிற்பகலில் பாறை கொதிக்கும் என்பதால் ஒரு சோடி காலுறையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கெக்கிராவை வழியாக வந்தால் மேற்கே சிறிது விலகிக் கலாவாவியையும் பார்க்கலாம். தாதுசேனன் கை நீட்டிக் காட்டிய அந்த நீர் இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது. அங்கிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் புறப்பட்டால், இரவுச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் வந்து சேரலாம்; அதற்குப் பிந்தினால் வவுனியாவில் சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது.